குழந்தை பிறந்ததிலிருந்து பேச ஆளே இல்லாத மாதிரி இருக்கிறது. மற்ற அம்மாக்களோடு எப்படிப் பழகுவது?

குழந்தை பிறந்து இரண்டு மாதம் ஆகிறது, கணவர் வேலைக்குப் போனபின் பகல் முழுக்க நானும் குழந்தையும்தான், தோழிகள் கூப்பிடுவதும் குறைந்துவிட்டது, என்னிடம்தான் ஏதோ குறை இருக்கிறதோ என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களிடம் எந்தக் குறையும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆறு வருடங்களுக்கு முன் இதே கேள்வியை யாரிடமும் கேட்காமல் மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டு நாட்களைத் தள்ளியவள் நான்.

கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை பால் குடிக்கும். ஒவ்வொரு முறையும் பால் கொடுத்து, தோளில் போட்டுத் தட்டி, துணி மாற்றி, தூங்கவைத்து நிமிர்ந்தால் அடுத்த வேளை வந்துவிடும். நடுவில் கிடைக்கும் அரை மணியில் குளிப்பதா, சாப்பிடுவதா, கண்ணை மூடுவதா? அதில் ஒருவருக்கு போன் செய்து நலம் விசாரிக்க உடம்பில் தெம்பு இருக்காது. வேலைக்குப் போகும் தோழிகளுக்கு ஓய்வு கிடைப்பது மாலையில். பல குழந்தைகள் அதிகம் அழுவதும் அந்த மாலை நேரத்தில்தான். அழுகை ஆறாவது வாரத்தையொட்டி உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தணியும். ஆக, அவர்கள் கூப்பிடும்போது உங்களால் எடுக்க முடியாது, நீங்கள் கூப்பிடும்போது அவர்களால் எடுக்க முடியாது. நாலு தடவை இப்படி ஆனதும், "பாவம், அவளைத் தொந்தரவு பண்ண வேண்டாம்" என்று விட்டுவிடுகிறார்கள். பாசம் அப்படியேதான் இருக்கும், நேரம்தான் ஒத்துவராது.

என் வீட்டுக்கு ஆட்கள் வராமல் இல்லை. வந்தார்கள். குழந்தை யார் ஜாடை என்று பேசினார்கள், ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள், கிளம்பினார்கள். ஒரே நாளில் ஒருவர் குழந்தைக்குப் பால் போதவில்லை என்றார், இன்னொருவர் அடிக்கடி கொடுத்துப் பழக்குகிறாய் என்றார். நான் தூங்கினேனா என்று ஒருவரும் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இத்தனை பேர் வந்து போகும் வீட்டில் எனக்கு என்ன தனிமை என்று யாராவது கேட்டால் சொல்வதற்கு என்னிடம் பதில் இருந்திருக்காது.

குழந்தைக்கு ஆறு வாரம் ஆனபோது தடுப்பூசி போடப் போனேன். காத்திருக்கும் இடத்தில் பக்கத்தில் ஒரு பெண். அவருடைய மகன் என் குழந்தையைவிட நான்கு மாதம் பெரியவன். என் குழந்தை அழ ஆரம்பித்ததும் பதறி எழுந்தேன். அவர் என் கையிலிருந்த பையை வாங்கித் தன் காலடியில் வைத்துக்கொண்டு, "நீங்க உள்ளே போய் பால் கொடுங்க. முறை வந்தா நான் கூப்பிடுறேன்" என்றார். யோசனை ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வந்ததும், "எனக்கும் ரெண்டாவது மாசம் இப்படித்தான் இருந்துச்சு. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா தெளிஞ்சுது" என்றார். இதையே என் அம்மாவும் சொல்லியிருந்தார். அம்மா சொன்னது முப்பது வருடத்துக்கு முந்தைய விஷயம். இந்தப் பெண் நான்கு மாதம் முன்புவரை நான் இருக்கும் இடத்தில் இருந்தவர். அதனால் நம்ப முடிந்தது.

அதனால் உங்களுக்கும் இதைத்தான் சொல்வேன். பெரிய கூட்டத்தைத் தேடாதீர்கள். உங்களுக்குச் சில மாதங்கள் முன்னால் போய்க்கொண்டிருக்கும் ஒரே ஒரு அம்மாவைத் தேடுங்கள்.

இதற்கு ஆய்வுகளும் இருக்கின்றன. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு வரும் அபாயம் அதிகமுள்ள 701 பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு அதே மனச்சோர்வைக் கடந்து வந்த ஒரு தாயை போனில் பேசவைத்தார்கள். பேசியவர்கள் மருத்துவர்கள் அல்ல, சிறு பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள். 12 வாரம் கழித்துப் பார்த்தபோது, போன் வந்தவர்களில் 14 சதவீதம் பேருக்கும் வராதவர்களில் 25 சதவீதம் பேருக்கும் மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. 2009ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்த ஆய்வு இது. ஜார்க்கண்ட், ஒடிசா கிராமங்களில் ஏக்ஜுட் என்ற அமைப்பு பெண்களை மாதம் ஒருமுறை கூடிப் பேசவைத்தது. அங்கே மூன்று ஆண்டுகளில் பச்சிளங்குழந்தை இறப்பு 32 சதவீதம் குறைவாக இருந்தது, மூன்றாம் ஆண்டில் தாய்மார்களிடம் மிதமான மனச்சோர்வு பாதிக்கும் கீழே இறங்கியது. கூடி உட்கார்ந்து பேசியதன் பலன் இவ்வளவு என்று படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சரி, எப்படிப் பழகுவது? நாங்கள் இருவரும் வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரம் என்று வைத்துக்கொண்டோம். வியாழக்கிழமை காலை பத்தரை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு கொஞ்ச தூரம் நடப்பது, நிழலில் உட்காருவது, திரும்புவது. "ஒருநாள் பார்க்கலாம்" என்று விட்டிருந்தால் அந்த ஒருநாள் வந்தே இருக்காது. தூக்கம் இல்லாத மூளைக்கு ஒவ்வொரு வாரமும் நாள் பார்த்து முடிவு செய்வதே பெரிய பாரம். வர முடியவில்லை என்றால் மன்னிப்பு கேட்கக்கூடாது, காரணமும் சொல்ல வேண்டாம், அடுத்த வியாழன் வந்தால் போதும் என்பது பேச்சு. வீட்டில் சந்தித்தால் வீட்டை ஒதுங்க வைக்கக்கூடாது என்பதும் இருந்தது. இதை இன்றுவரை நல்ல விதி என்று நினைக்கிறேன், ஏனென்றால் வீடு அலங்கோலமாகக் கிடக்கிறதே என்ற கூச்சத்தில்தான் பலர் யாரையும் உள்ளே கூப்பிடுவதில்லை.

இரண்டு மாதத்தில் ஐந்து பேர் ஆனோம். (1956ல் அமெரிக்காவில் ஏழு அம்மாக்கள் தாய்ப்பால் கொடுப்பதில் ஒருவருக்கொருவர் உதவத் தொடங்கியதுதான் இன்று பல நாடுகளில் இயங்கும் லா லேச்சே லீக். ஆக ஐந்து பேர் குறைவில்லை!) ஆனால் ஒரு தவறும் நடந்தது. ஒரு நாள் எங்களில் ஒருவர், "என் பொண்ணு குப்புற விழுந்துட்டா, உங்க பையன் இன்னும் இல்லையா?" என்று சாதாரணமாகக் கேட்டுவிட்டார். கேட்கப்பட்டவரின் குழந்தை குறைமாதத்தில் பிறந்தவன். இரண்டு வாரம் அவர் வரவில்லை. நான் போய்ப் பார்த்தபோது, "வெளியே வந்தா என் பிள்ளையை அளந்து பார்க்கிற மாதிரி இருக்கு" என்றார். குறைமாதக் குழந்தையின் வளர்ச்சியைப் பிறந்த நாளிலிருந்து கணக்கிடாமல், பிறக்க வேண்டியிருந்த தேதியிலிருந்து கணக்கிட வேண்டும் என்பது அன்று எங்களில் பலருக்குத் தெரியாது. அதற்குப் பிறகு குழந்தைகளை ஒப்பிட்டுப் பேசுவதை முற்றிலும் நிறுத்தினோம். கேட்காமல் யோசனை சொல்வதையும். நீங்கள் போகும் இடத்தில் இந்த ஒப்பீடு ஓயாமல் நடந்தால், தயங்காமல் விலகி வேறு ஆளைத் தேடுங்கள்.

வாட்ஸ்அப் குழு ராத்திரி இரண்டு மணிக்கு மிகவும் உதவும். இன்னொரு வீட்டிலும் விளக்கு எரிகிறது என்று தெரிந்தாலே தெம்புதான். மருத்துவ விஷயங்களை மட்டும் அங்கே தீர்க்கப் பார்க்க வேண்டாம். மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சல் இருந்தால் குழுவில் கேட்டுக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

பழைய தோழிகளையும் விட்டுவிடாதீர்கள். போன் பேச நேரம் பொருந்தாவிட்டால் குரல் செய்தி அனுப்புங்கள், பால் கொடுத்துக்கொண்டே ஒரு கையால் அனுப்பலாம். "ஏதாவது வேணும்னா சொல்லு" என்பவர்களிடம் "ஒண்ணும் வேண்டாம், நல்லா இருக்கேன்" என்றுதான் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படிச் சொல்லாதீர்கள். "செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு வந்து ஒரு மணி நேரம் குழந்தையை வச்சுக்கிறியா, நான் தூங்கணும்" என்று கேளுங்கள். என்ன செய்வது என்று தெரியாமல்தான் பாதிப் பேர் ஒதுங்கி நிற்கிறார்கள். கணவரிடமும் இப்படியே, நேரம் குறித்துக் கேளுங்கள்.

இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பிரசவமான இரண்டு மூன்று நாளில் தொடங்கும் அழுகையும் எரிச்சலும் பெரும்பாலான பெண்களுக்கு வருவதுதான், இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். நீங்கள் இரண்டு மாதத்தில் இருக்கிறீர்கள். குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வரவில்லை, எதிலும் மனசு ஒட்டவில்லை, குழந்தைமேலும் ஒன்றும் தோன்றவில்லை என்று நாள்தோறும் இருந்தால் தோழி மட்டும் போதாது, மருத்துவரிடம் சொல்லுங்கள். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி, குழந்தை பெற்றவர்களில் சுமார் 13 சதவீதம் பேருக்கு மனநலப் பாதிப்பு வருகிறது, பெரும்பாலும் மனச்சோர்வு. குணமாகக்கூடியது. பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வைக் கண்டறிய 1987 முதல் பயன்பாட்டில் உள்ள எடின்பரோ அளவுகோலில் கடந்த ஏழு நாட்களைப் பற்றிப் பத்தே கேள்விகள்தான், அதை வைத்துப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். உங்களையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடுவேனோ என்ற எண்ணம் வந்தால் நாளைக்கு என்று தள்ளாமல் அன்றே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி, மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது பக்கத்தில் இருப்பவரிடம் குழந்தைக்கு எத்தனை மாதம் என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு நன்றாக இருந்தால் எண் வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் செய்தி அனுப்புவதற்குத்தான் தயக்கமாக இருக்கும். நான் அன்று அனுப்பியது இன்னும் என் போனில் இருக்கிறது, வேண்டுமானால் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்: "நேத்து ஊசி போட்ட இடத்துல பார்த்தோமே, அழுதுகிட்டே இருந்த குழந்தையோட அம்மா நான். வியாழக்கிழமை காலையில பத்தரைக்குக் கொஞ்ச நேரம் நடக்கலாமா? குழந்தை அழுதா பாதியில திரும்பிடலாம்."

பதில் வர நான்கு மணி நேரம் ஆனது. "இப்பத்தான் தூங்கினான். கண்டிப்பா வரேன்."