வெளிமாநிலப் பல்கலைக்கழகமும் கூடுதல் உதவித்தொகையும்

அன்புள்ள அம்மா,

நாங்கள் பல ஆண்டுகளாக நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். சென்ற ஆண்டுதான் கிரீன் கார்டு கைக்கு வந்தது. என் மகள் மத்திய மேற்கு மாநிலம் ஒன்றின் அரசுப் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் படிக்கிறாள். முதலாண்டு முடியப் போகிறது. சேரும்போது ஆண்டுக்கு 6,000 டாலர் உதவித்தொகை கொடுத்தார்கள். அது போக, விடுதியும் சாப்பாடும் சேர்த்து 40,000 டாலருக்கு மேல் நாங்கள் கட்டுகிறோம். மகன் பத்தாம் வகுப்பில் இருக்கிறான். மகளுக்கு அந்த இடமும் படிப்பும் பிடித்துப் போய்விட்டதால் அவளை அங்கிருந்து மாற்ற எங்களுக்கு மனமில்லை.

உதவித்தொகை தேடித் தருவதற்கு ஒரு நிறுவனம் 900 டாலர் கேட்கிறது. கொடுக்கலாமா? அவள் பெயரில் அங்கே வீடு வாடகைக்கு எடுத்து ஓராண்டு இருந்தால் அந்த மாநிலத்தவர் கட்டும் குறைந்த உள்மாநிலக் கட்டணத்துக்கு மாறிவிடலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மைதானா? இரண்டும் இல்லையென்றால் வேறு என்ன வழி? சென்ற செமஸ்டர் பில்லை இணைத்திருக்கிறேன். என் பெயரையும் பல்கலைக்கழகத்தின் பெயரையும் தவிர்த்து இதை வெளியிடலாம்.

ஒரு வாசகர், நியூ ஜெர்சி

அன்புள்ள நண்பருக்கு,

அந்த 900 டாலரைக் கொடுக்க வேண்டாம். உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கவோ அதைத் தேடவோ யாரேனும் பணம் கேட்டால் விலகிவிடுமாறு அமெரிக்க அரசின் கூட்டாட்சி வணிக ஆணையமே பல ஆண்டுகளாக எச்சரித்து வருகிறது. அந்த நிறுவனம் உங்களுக்குத் தரக்கூடியது இணையத்தில் எவருக்கும் இலவசமாகக் கிடைக்கும் பட்டியல்தான். அப்பட்டியலில் உள்ள பெரிய தேசிய உதவித்தொகைகளில் பல, பள்ளி இறுதியாண்டு மாணவர்களுக்கு மட்டும் உரியவை. கோகோ கோலா அறக்கட்டளை ஆண்டுதோறும் 150 மாணவர்களுக்கு ஆளுக்கு 20,000 டாலர் தருகிறது. விண்ணப்பிப்பவர்களோ ஒரு லட்சத்தைத் தொடுகிறார்கள். உங்கள் மகள் அந்தக் கட்டத்தைக் கடந்துவிட்டாள். உங்கள் மகன் கடக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்; அவனைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

வாடகை வீட்டு யோசனையும் பலிக்காது. பெரும்பாலான மாநிலங்கள் பன்னிரண்டு மாத வசிப்பைக் கேட்பது உண்மைதான். ஆனால் அந்த வசிப்பு படிப்புக்காக மட்டுமே அமைந்திருந்தால் அதைக் கணக்கில் கொள்வதில்லை. மாணவர் பெற்றோரின் வரிக் கணக்கில் சார்ந்திருப்பவராக இருக்கும்வரை, பெற்றோர் எந்த மாநிலத்தில் வசிக்கிறார்களோ அதுவே அவருடைய மாநிலமாகவும் கொள்ளப்படுகிறது. மிசூரி போன்ற ஒருசில மாநிலங்கள் மட்டுமே, அங்கேயே ஓராண்டு தங்கி, அங்கேயே வேலை செய்து, வரிக்குரிய வருமானத்தையும் ஈட்டும் மாணவருக்கு இளநிலைப் படிப்பின் நடுவில் கதவைத் திறக்கின்றன. உங்கள் நண்பர்கள் கேள்விப்பட்டது அப்படியொரு மாநிலத்தின் கதையாக இருக்கலாம். உங்கள் மகளின் பல்கலைக்கழகப் பதிவாளர் அலுவலகத்தின் பக்கத்தில் வசிப்பு விதிகள் முழுமையாக இருக்கும். ஒரு வருட வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன் அதைப் படித்துவிடுங்கள்.

உங்கள் மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லுமுன் இந்தக் கட்டண வேறுபாடு ஏன் இருக்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். பர்டியூ பல்கலைக்கழகம் 2013 முதல் கட்டணத்தை உயர்த்தாமல் வைத்திருக்கிறது. அங்கே 2024-25இல் இந்தியானா மாநிலத்தவருக்கு ஆண்டுக் கல்விக் கட்டணம் 9,992 டாலர், வெளிமாநிலத்தவருக்கு 28,794 டாலர். ஏறக்குறைய மும்மடங்கு. மாநில மக்களின் வரியில் நடக்கும் நிறுவனம் அம்மக்களின் பிள்ளைகளுக்குச் சலுகை தருகிறது என்பது ஒரு பாதி. 2008 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு மாநிலங்கள் உயர்கல்விக்கு ஒதுக்கும் தொகையைக் குறைத்தபோது, அந்தக் குறையை ஈடுகட்ட அரசுப் பல்கலைக்கழகங்கள் வெளிமாநில மாணவர்களை நாடின என்பது மறுபாதி. எனவே சேர்க்கைக்குப் பிறகு ‘கட்டணத்தைக் குறையுங்கள்’ என்று பொதுவாகக் கேட்டால் பெரும்பாலும் மரியாதையான மறுப்புதான் வரும். தகுதி அடிப்படையிலான பெரிய சலுகைகள், மாணவரை ஈர்ப்பதற்காகச் சேர்க்கையின்போது தரப்படுபவை. சேர்ந்த பிறகு பணம் இருக்கும் இடம் வேறு.

அந்த இடம் அவளுடைய துறை. முன்னாள் மாணவர்களும் ஓய்வுபெற்ற பேராசிரியர்களும் தங்கள் துறைக்கென்று அறக்கொடைகளை விட்டுச்செல்கிறார்கள். அவை இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கென்றே ஒதுக்கப்பட்டிருப்பது வழக்கம். போட்டியும் நாடு முழுவதிலிருந்தும் வருவதில்லை, அந்தத் துறைக்குள் இருப்பவர்களோடு முடிந்துவிடுகிறது. ஒவ்வொன்றும் ஆயிரம், இரண்டாயிரம் டாலர்தான் இருக்கும். ஆனால் ஒரே விண்ணப்பத்தில் பலவற்றுக்குப் பரிசீலிக்கப்படலாம். அடுத்த ஆண்டும் விண்ணப்பிக்கலாம். உங்கள் மகள் துறை ஆலோசகருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதட்டும். தான் வெளிமாநில மாணவி, ஜிபிஏ (மதிப்பெண் சராசரி) இவ்வளவு, அடுத்த ஆண்டும் இங்கேயே தொடர விரும்புகிறேன், துறையிலும் கல்லூரி அளவிலும் இரண்டாமாண்டு மாணவர்க்கு என்னென்ன உதவித்தொகைகள் உள்ளன, கடைசித் தேதி எப்போது, பரிந்துரைக் கடிதம் எத்தனை வேண்டும் என்று நாலைந்து வரியில் கேட்டால் போதும். பல இடங்களில் இந்த விண்ணப்பங்கள் குளிர்காலத்திலேயே முடிந்துவிடும். இந்த ஆண்டுக்கானது போயிருந்தால், மீதமுள்ள தொகை ஏதேனும் இருக்கிறதா என்று கேட்பதில் தவறில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறிவிட்டால் அந்தப் பணம் கோடையில் திரும்பி வரும். அப்போது முன்பே கேட்டு வைத்தவரின் பெயர் ஆலோசகருக்கு நினைவில் இருக்கும்.

இந்த மின்னஞ்சலை நீங்கள் எழுதாதீர்கள். 1974இல் வந்த மாணவர் தனியுரிமைச் சட்டத்தின்படி, அவள் எழுத்து மூலம் ஒப்புதல் தராதவரை அவளுடைய மதிப்பெண்ணையோ கணக்கையோ பற்றி அலுவலகங்கள் பொதுவாக உங்களிடம் பேசாது. சட்டம் ஒருபுறம் இருக்க, தன் படிப்பின் விலையை அறிந்து தானே பேசும் பெண்ணுக்கு அந்த ஆலோசகர் தரும் கவனம் தந்தையின் தொலைபேசி அழைப்புக்குக் கிடைக்காது. நம் வீடுகளில் பணக் கவலையைப் பிள்ளைகளிடமிருந்து மறைப்பதையே அன்பாக நினைக்கிறோம். பத்தொன்பது வயதில் அவள் இந்தக் கணக்கை முழுமையாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வெளியிலிருந்து உதவித்தொகை வாங்கும் முன் ஒன்றைக் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். வெளியே 2,000 டாலர் கிடைத்தால், தேவை அடிப்படையில் தான் தரும் உதவியிலிருந்து அதே 2,000 டாலரைப் பல்கலைக்கழகம் கழித்துக்கொள்வதுண்டு. மேரிலாந்து 2017இல் முதலாவதாக இதற்கு எதிராகச் சட்டம் இயற்றியது; வேறு சில மாநிலங்கள் பின்தொடர்ந்தன. மற்ற மாநிலங்களில் இது அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் விருப்பம். உங்கள் மகளுடையது தகுதி உதவித்தொகை என்பதால் பாதிப்பு இல்லாமல் போகலாம்; நிதி உதவி அலுவலகத்தில் ஒரு வரி எழுதிக் கேட்டுவிடுங்கள். அந்த 6,000 டாலர் எந்த ஜிபிஏ வரை தொடரும் என்பதையும் அப்போதே உறுதி செய்துகொள்ளுங்கள். கையில் இருப்பதை இழந்துவிட்டால் புதிதாகத் தேடியது எதற்கும் போதாது.

இனி நீங்கள் அனுப்பிய பில்லுக்கு வருகிறேன். அதில் மாணவர் மருத்துவக் காப்பீடு என்று மூவாயிரத்தை நெருங்கும் தொகை இருக்கிறது. பெற்றோரின் காப்பீட்டில் 26 வயது வரை பிள்ளைகள் இருக்கலாம். உங்கள் நிறுவனக் காப்பீட்டில் அவள் ஏற்கெனவே இருந்தால் இந்தத் தொகையை நீக்கக் கோரும் படிவம் பல்கலைக்கழகத் தளத்தில் இருக்கும். ஆண்டின் தொடக்கத்தில் குறிப்பிட்ட தேதிக்குள் நிரப்பாவிட்டால் தானாகவே பில்லில் ஏறிவிடும். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: உங்கள் காப்பீடு நியூ ஜெர்சி மருத்துவர்களை மட்டுமே ஏற்கும் வகையாக இருந்தால் அங்கே அவளுக்குக் காய்ச்சல் வந்தால்கூடக் கைக்காசு போகும், பல்கலைக்கழகமும் அந்த விலக்கை ஏற்காது. அடுத்து, மின்னணுப் பாடப் பொருள் கட்டணம் என்று மூன்று பாடங்களுக்குத் தனித்தனியாக இருக்கிறது. இதிலிருந்து விலகிக்கொள்ள செமஸ்டரின் முதல் சில வாரங்கள் அவகாசம் தருவார்கள். வீட்டுப்பாடம் அந்த மின்னணுப் பொருளின் தளத்திலேயே நடந்தால் விலக முடியாது. வெறும் புத்தகம்தான் என்றால் நூலகத்தில் இரவல் வாங்கலாம். அறிமுகப் புள்ளியியலுக்கு ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் நூல் முழுவதும் இலவசமாகவே கிடைக்கிறது. உணவுத் திட்டத்தில் எல்லையற்ற வேளைகள் கொண்டதை எடுத்திருக்கிறீர்கள். அவள் வாரத்தில் உண்மையில் எத்தனை முறை உணவகத்தில் சாப்பிடுகிறாள் என்று கேட்டு அதற்கேற்றதை எடுங்கள்.

விடுதிச் செலவைப் பெரிய அளவில் குறைக்க இரண்டு வழிகள் உண்டு. விடுதி உதவியாளராகத் தேர்வானால் அறை பெரும்பாலும் இலவசம், பல இடங்களில் உணவும் சேர்த்து, இரண்டாமாண்டிலேயே விண்ணப்பிக்கலாம். இரவில் தோழிகளின் அழுகையும் குழாய் உடைப்பும் அவள் பொறுப்பாகும் என்பதால் மனமிருந்தால் மட்டுமே. மற்றொன்று கூட்டுறவு வீடுகள். மாணவர்களே சமைத்து, துலக்கி, கணக்குப் பார்த்து நடத்தும் இவ்வீடுகள் பர்டியூவிலும், மிச்சிகனின் ஆன் ஆர்பரிலும், விஸ்கான்சினின் மேடிசனிலும் நீண்ட காலமாக உள்ளன. வாரத்தில் சில மணி நேர வேலைக்கு ஈடாகத் தங்கும் செலவு விடுதியைவிட வெகுவாகக் குறையும். அவள் ஊரில் உண்டா என்று விசாரியுங்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சேமிப்பு, அங்கே படிக்கும் செமஸ்டர்களின் எண்ணிக்கையைக் குறைப்பதில் இருக்கிறது. ஒரு செமஸ்டர் குறைந்தால் உங்கள் கணக்கில் 20,000 டாலர் மிஞ்சுகிறது. எந்த உதவித்தொகையும் எளிதில் தராத தொகை அது. கோடையில் வீட்டுக்கு வருகிறாள் அல்லவா? உங்கள் கவுன்டியின் கம்யூனிட்டி காலேஜில் உள்ளூர்க் கட்டணத்தில் இரண்டு பொதுப் பாடங்களை முடிக்கலாம். பதிவு செய்யுமுன், அந்தப் பாடம் அங்கே எந்தப் பாடத்துக்கு ஈடாகக் கொள்ளப்படும் என்று ஆலோசகரிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். கிரெடிட் (பாட அலகு) மட்டுமே மாறும், மதிப்பெண் பெரும்பாலும் ஜிபிஏவில் சேராது. ஆகவே தன் முதன்மைப் பாடங்களை அவள் பல்கலைக்கழகத்திலேயே படிப்பது நல்லது. பாடத்தைப் படிக்காமலேயே தேர்வெழுதி கிரெடிட் பெற உதவும் கிளெப் தேர்வுகளை ஏற்கும் பல்கலைக்கழகம் என்றால், மாடர்ன் ஸ்டேட்ஸ் என்ற தொண்டு நிறுவனம் இலவச வகுப்பும் தேர்வுக் கட்டணமும் தருகிறது. பல அரசுப் பல்கலைக்கழகங்களில் முழுநேர மாணவர் 15 கிரெடிட் எடுத்தாலும் 18 எடுத்தாலும் கட்டணம் ஒன்றே. உடல்நலமும் மதிப்பெண்ணும் தாங்கும் என்றால் ஓரிரு செமஸ்டர்களில் ஒரு பாடம் கூடுதலாக எடுக்கலாம். எல்லாச் செமஸ்டரிலும் வேண்டாம்.

கூட்டாட்சி அரசின் மாணவர் நிதி உதவிக்கான விண்ணப்பமான ஃபாஃப்சாவை நீங்கள் கடிதத்தில் குறிப்பிடவே இல்லை. வருமானம் அதிகம் என்று விட்டுவிட்டீர்கள் போலும். கிரீன் கார்டு வந்துவிட்டதால் இப்போது அவளுக்குத் தகுதி உண்டு. கூட்டாட்சி மாணவர் கடனில் வட்டிச் சலுகை இல்லாத வகை பெற்றோரின் வருமானத்தைப் பார்ப்பதில்லை. இரண்டாமாண்டில் 6,500 டாலர், அதன்பின் ஆண்டுக்கு 7,500 டாலர், மொத்தம் 31,000 டாலர் என்ற வரம்பு மட்டுமே. 2025-26க்கு வட்டி 6.39 சதவீதம். பெற்றோர் பெயரில் வாங்கும் பிளஸ் கடனுக்கு 8.94 சதவீதம், 2026 ஜூலை முதல் அதற்கு ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000, மொத்தம் 65,000 டாலர் என்ற வரம்பும் வந்திருக்கிறது. கடன் வாங்குங்கள் என்று சொல்லவில்லை. பல பல்கலைக்கழகங்கள் தங்கள் சொந்த உதவித்தொகைகளுக்கும் ஃபாஃப்சாவைக் கேட்கின்றன என்பதற்காகவே நிரப்பச் சொல்கிறேன். வேலை போனால், பெரிய மருத்துவச் செலவு வந்தால், மறுபரிசீலனை கேட்கவும் அது அடிப்படை. வரியிலும் பாருங்கள்: தம்பதியாகக் கணக்குக் கொடுப்பவர்களுக்கு வருமானம் 1,60,000 டாலருக்குள் இருந்தால், கல்விக் கட்டணத்தில் முதல் 4,000 டாலருக்கு கட்ட வேண்டிய வரியிலேயே 2,500 டாலர் வரை கழிவு கிடைக்கும், 1,80,000 டாலரில் அது முற்றிலும் நின்றுவிடும். அந்த 4,000 டாலரை 529 என்ற கல்விச் சேமிப்புக் கணக்கிலிருந்து கட்டிவிடாதீர்கள். ஒரே செலவுக்கு இரண்டு சலுகையையும் தர மாட்டார்கள்.

எச்-4 விசாவில் (வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தினருக்கானது) பிள்ளைகள் இருக்கும் வாசகர்கள் பலரும் இதைப் படிப்பீர்கள். உங்களுக்கு ஃபாஃப்சா உதவி இல்லை. ஆனால் பல துறை உதவித்தொகைகள் குடியுரிமையைக் கேட்பதில்லை, பல மாநிலங்கள் எச்-4 பிள்ளைகளுக்கு உள்மாநிலக் கட்டணத்தைத் தருகின்றன. 21 வயதில் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறும்போது அது என்னவாகும் என்பதை முன்கூட்டியே கேளுங்கள்.

உங்கள் மகன் விஷயம். மாநிலங்களுக்கிடையே கட்டண ஒப்பந்தங்கள் நான்கு வட்டாரங்களில் உள்ளன. மேற்கு மாநிலங்களிலும் மத்திய மேற்கிலும், பங்கேற்கும் கல்லூரிகள் உள்மாநிலக் கட்டணத்தில் ஒன்றரை மடங்குக்கு மேல் வாங்குவதில்லை. தெற்கில், சொந்த மாநிலத்தில் இல்லாத பாடப்பிரிவுக்கு உள்மாநிலக் கட்டணமே போதும். நியூ இங்கிலாந்திலும் அப்படியொரு சலுகை உண்டு. நியூ ஜெர்சி இவை எதிலும் இல்லை. ஆகவே அவனுக்கு உதவக்கூடியது சேர்க்கையின்போது தரப்படும் தகுதிச் சலுகைதான். அலபாமா பல்கலைக்கழகம் போன்றவை, எந்த மதிப்பெண்ணுக்கு எவ்வளவு என்று வெளிமாநில மாணவருக்கான அட்டவணையை வெளிப்படையாகவே போடுகின்றன. டெக்சஸில் அரசுப் பல்கலைக்கழகம் ஒன்று போட்டி அடிப்படையில் ஆயிரம் டாலராவது உதவித்தொகை தந்தால், அந்த மாணவருக்கு உள்மாநிலக் கட்டணத்தை அனுமதிக்க மாநிலச் சட்டம் இடம் தருகிறது. எண்ணிக்கை வரம்பு உண்டு. வரும் அக்டோபரில், பதினொன்றாம் வகுப்பில், அவன் எழுதும் பிஎஸ்ஏடி என்ற பள்ளித் தகுதித் தேர்வுதான் நேஷனல் மெரிட் என்ற தேசிய உதவித்தொகைப் போட்டிக்குக் கணக்கு. இந்தக் கோடையில் அவன் அதற்குப் படிக்கட்டும். மகளோ இந்த வாரமே துறை ஆலோசகருக்கு எழுதட்டும்; காப்பீட்டு விலக்குப் படிவம் எப்போது திறக்கிறது என்பதை நீங்கள் நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

அன்புடன்