பார்க்காமலே மூலம் என்று சொல்பவரை நம்பாதீர்கள்

ஆசனவாய்க்குப் பக்கத்தில் ஒரு கட்டி வந்து வலிக்கிறது, இருக்க முடியவில்லை, மூலம்தானா, என்ன களிம்பு பூசலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் இன்னும் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன். களிம்பின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. ஒரு டொக்டர் அந்த இடத்தைக் கண்ணால் பார்க்கும் வரைக்கும் அது மூலம் என்று நீங்களும் முடிவெடுக்காதீர்கள், வேறு யாரையும் முடிவெடுக்க விடாதீர்கள்.

எனக்கு ஊர் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரை. உழவு மெஷின் ஓடுகிறேன். பெரும்போக விதைப்புக்கு வயல் வட்டை உழுகிற காலத்தில்தான் எனக்கு அது வந்தது. முதலில் அழுத்தினால் மட்டும் நொந்தது. மறுகா இரவில் படுக்கவும் விடாமல் விண் விண் என்று தெறிக்கத் தொடங்கிவிட்டது. மெஷின் சீட்டில் இருப்பது கிடக்கட்டும், இருமினாலே உயிர் போய் வந்தது. ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஒருவர் மெஷின் சூடு என்றார், இன்னொருவர் கணவாய்க்கறி என்றார். பெயர் மட்டும் எல்லாருக்கும் ஒன்றுதான், மூலம்.

நான் போன ஒரு தனியார் டிஸ்பென்சரியிலும் அதே கதை. கதிரையில் ஒரு பக்கம் சரிந்து இருந்துகொண்டு விசயத்தைச் சொன்னேன். "மூலம்தான் தம்பி, ட்ரைவர்மாருக்கு வாறதுதானே" என்று துண்டை எழுதித் தந்துவிட்டார். படுக்கச் சொல்லிப் பார்க்கவில்லை. காய்ச்சல் இருக்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை, எனக்கோ உடம்பு அனலாய்க் கொதித்துக்கொண்டிருந்தது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மனிசிதான் பிடிவாதமாக நின்று, மண்முனைப் பாலத்தால் ஆட்டோவில் மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். அங்கே திரையை இழுத்துவிட்டு, இடப்பக்கம் சரிந்து முழங்காலை மடக்கிப் படுக்கச் சொன்னார்கள். டொக்டர் பார்த்தார், ஒரு தடவை தொட்டார். அவ்வளவுதான். "இது மூலமில்ல, சீழ்க்கட்டி. இண்டைக்கே வெட்டணும்" என்றார். மெஷின் சூட்டுக்கும் கணவாய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லையாம். ஆசனவாயின் உட்புறத்தில் சின்னச் சின்னச் சுரப்பிகள் இருக்கின்றன. அதில் ஒன்றின் வாய் அடைபட்டால் உள்ளே கிருமி பெருகிச் சீழ் பிடிக்கும். வெளியே வர வழியில்லாமல் தோல் பக்கம் முட்டும்போதுதான் அந்தத் தெறிப்பும் காய்ச்சலும் வருகின்றன. கட்டிய சீழைக் குளிசையால் மட்டும் போக்க முடியாது, கீறித்தான் விட வேண்டும். சில நேரம் சீழ் ஆழத்தில் இருந்தால் வெளியே கட்டி தெரியாமல் வலியும் காய்ச்சலும் மட்டும் இருக்குமாம்.

மயக்கி வெட்டினார்கள். கண் விழித்தபோது அந்தத் தெறிப்பு இல்லை. காயத்தைத் தைக்கவில்லை என்று அம்மா பயந்துபோனா. அது அடியிலிருந்து வளர்ந்து மூட வேண்டும், மேலே தைத்தால் உள்ளே திரும்பவும் சீழ் கட்டும் என்று மிஸ்ஸி, அதாவது தாதி, விளங்கப்படுத்தினார். மருந்து கட்டுவது, வெளிக்குப் போய்வந்து இளஞ்சூட்டுத் தண்ணீர்ப் பேசினில் பத்துப் பதினைந்து நிமிடம் இருப்பது என்று கொஞ்சக் காலம் போனது. இரத்தம் சோதித்ததில் எனக்குச் சீனி வருத்தம் இருப்பதும் அங்கேதான் தெரிய வந்தது. சீனி உள்ளவர்களுக்கு இந்தச் சீழ் வேகமாகப் பரவும், ஆகவே உங்களுக்குச் சீனி இருந்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள்.

நான் ட்ரைவர் என்றதும் கட்டி முதுகெலும்பு முடிகிற பிளவிலா என்றும் டொக்டர் கேட்டார். அங்கே மயிர் உள்ளே புகுந்து சீழ் கட்டுவது வேறு வருத்தமாம். இரண்டாம் உலகப்போரில் ஜீப்பில் திரிந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்கு அது நிறைய வந்ததால் ஜீப் வருத்தம் என்றே பெயர் வைத்தார்களாம்.

என் தங்கச்சிக்கு வந்தது இன்னொன்று. அவளிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். பிள்ளை பெற்ற பிறகு வெளிக்கு முக்கியபோது திடீரென்று நீலம் பாரித்த சின்னக் கட்டி, நல்ல இறுக்கம். காய்ச்சல் இல்லை. அது வெளிமூலத்தில் இரத்தம் உறைந்தது. முதல் 48 மணித்தியாலம்தான் பெரிய வலி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வற்றிவிட்டது. வலி தாங்க முடியாதவர்களுக்கு 72 மணித்தியாலத்துக்குள் வெட்டி எடுப்பதும் உண்டு. வெளிக்குப் போகும்போது கிழிகிற மாதிரி எரிந்து, பிறகும் வலி விடாமல் இருந்தால் ஆசனவாய் வெடிப்பாக இருக்கலாம், அதன் ஓரத்திலும் சதை தடிக்கும். உள்மூலம் பெரும்பாலும் வலிக்காமல் இரத்தம் மட்டும் காட்டும். வாரக்கணக்காகப் போகாத கட்டி, அதோடு இரத்தம், மெலிவு என்றால் புற்றுநோய் இல்லை என்று உறுதிப்படுத்த வேண்டும்.

எனக்குக் காயம் ஆறி சில மாதத்தில் அதே இடத்தில் ஒரு பொட்டுத் துவாரம் விழுந்து சாரத்தில் ஈரம் பட்டது. அது பவுத்திரம், உள்ளே சீழ் பிடித்த இடத்திலிருந்து தோல் வரைக்கும் விழுகிற குழாய் மாதிரி வழி. சீழ்க்கட்டி வந்தவர்களில் பலருக்கு இப்படி வரும் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். அதற்கும் ஒபரேஷன் செய்து, இப்போது சுகம். நாட்டு வைத்தியத்தைக் குறைத்துப் பேசுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். பவுத்திரத்துக்குள்ளால் மருந்து பூசிய காரநூல் கட்டும் முறை அங்கே உண்டு, நான் மதிக்கிறேன். பார்க்காமல் மருந்து தருகிறவரோடுதான் எனக்குப் பிரச்சினை, அவர் எந்த வைத்தியமானாலும் சரி.

    

சரி, உங்கள் விசயத்துக்கு வருகிறேன். காய்ச்சல் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், அல்லது கட்டி தெறித்து வலித்தால், நாளைக்கு என்று வைக்காமல் இன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நடுக்கம், தோல் கறுத்துப் பரவுவது, சிறுநீர் போகாமல் அடைப்பது என்றால் 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம். வாயால் சொல்ல வெட்கமாக இருந்தால் ஒரு கடதாசியில் எழுதிக் கொடுங்கள். நீங்கள் பெண்ணாக இருந்தால் பெண் டொக்டர் இருக்கிறாரா என்று கேட்கலாம், இல்லாவிட்டால் ஒரு மிஸ்ஸியைப் பக்கத்தில் நிற்கச் சொல்லிக் கேளுங்கள்.