கண்ணை மூடினால் தள்ளாடுவது ஏன்?

கேள்வி: வயது 58. பல வருடங்களாகச் சர்க்கரை நோய்க்கு மெட்பார்மின் சாப்பிடுகிறேன். முகத்துக்கு சோப்பு போட்டுக் கண்ணை மூடினால் ஆள் சாய்கிறது. இருட்டில் நடக்கப் பயம். பாதம் பஞ்சை மிதிப்பதுபோல் இருக்கிறது. தலைசுற்றல் இல்லை. மூளையில் கோளாறா, டாக்டர்?

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் எனக்கு மூளைமீது சந்தேகம் குறைவு. பாத நரம்புகளையும் தண்டுவடத்தையும்தான் முதலில் பார்க்க வேண்டும்.

நாம் விழாமல் நிற்க, கண், உள்காது, கால்களின் மூட்டு-தசைகள் என மூன்று இடங்களிலிருந்து மூளைக்குத் தகவல் போகிறது. கணுக்கால் எவ்வளவு மடங்கியிருக்கிறது என்ற உணர்வு தண்டுவடத்தின் பின்பக்கப் பாதை வழியாக மேலே ஏறுகிறது. அது குறைந்தால் கண் ஈடுகட்டும். கண்ணை மூடியதும் குட்டு வெளிப்பட்டுவிடும். சிறுமூளை பழுதென்றால் கண் திறந்திருக்கும்போதே தள்ளாட்டம் இருக்கும்.

உங்களுக்கு இரண்டு காரணங்கள் சேர்ந்திருக்கலாம். ஒன்று, சர்க்கரையால் பாத நரம்புகள் கெடுவது. இன்னொன்று, நரம்புகளுக்குத் தேவையான வைட்டமின் பி12 குறைவு. நீண்டநாள் மெட்பார்மின் பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். "ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறதே" என்று இதை ஒதுக்கிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு; ரத்தசோகை இல்லாமலேயே தண்டுவடம் பாதிக்கப்படலாம். ரத்தத்தில் பி12 அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழ் என்றால் குறைவுதான். 200-300 என்றால், பி12 குறையும்போது ரத்தத்தில் கூடும் மெத்தில்மலோனிக் அமிலத்தின் பரிசோதனையும் தேவை. பி12 பார்க்காமல் ஃபோலிக் அமில மாத்திரை மட்டும் எடுக்காதீர்கள்: ரத்தசோகை சரியாகும், நரம்புச் சேதம் உள்ளுக்குள் தொடரும். நரம்பு பாதித்திருந்தால் பி12-ஐ ஊசியாகவே தொடங்குவது நல்லது. மெட்பார்மினை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

நரம்பியல் மருத்துவர் 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையை (தட்டினால் அதிரும் உலோகக் கவை) கால் விரலில் வைத்து அதிர்வுணர்வைச் சோதிப்பார். சட்டைப் பொத்தான் போடத் தடுமாற்றம், கால் விறைப்பு, சிறுநீரை அடக்க முடியாமை இருந்தால் சொல்லிவிடுங்கள். அப்படியானால், கழுத்தில் தண்டுவடம் நசுங்குகிறதா என்று எம்ஆர்ஐ எடுக்க வேண்டிவரும்.

அதுவரை உட்கார்ந்து முகம் கழுவுங்கள். இரவு விளக்கு எரியட்டும். மெத்தென்ற தடித்த செருப்பு சொகுசுதான், ஆனால் தரையின் உணர்வை இன்னும் மறைக்கும். மெல்லிய, உறுதியான அடிப்பாகம் கொண்ட காலணி போதும். சுவர் மூலையில், முன்னால் நாற்காலி வைத்து, பாதங்களைச் சேர்த்து 30 விநாடி நிற்கப் பழகுங்கள். கண்ணை மூடி நின்று பார்ப்பது, பக்கத்தில் ஆள் இருந்தால் மட்டும்.

திடீரென்று தள்ளாட்டத்துடன் பேச்சுக் குழறலோ இரட்டைப் பார்வையோ வந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமாக நாலரை மணி நேரம்தான் அவகாசம்; உடனே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.