இலவச இணையப் படிப்பு பாதியில் நிற்கிறதா?

கேள்வி: வேலைக்குப் போய்க்கொண்டே இலவச இணையப் படிப்புகளில் சேர்ந்தேன். புள்ளியியல், புரோகிராமிங் என்று நான்கைத் தொடங்கினேன், ஒன்றையும் முடிக்கவில்லை. சான்றிதழுக்குப் பணம் கட்டினால் முடித்துவிடுவேனா? அதற்கு மதிப்பு உண்டா?

பதில்: முடிக்காதவர்கள்தான் இங்கே பெரும்பான்மை. 2012-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் இணையத்தில் நடத்திய மின்சுற்றுப் பாடத்துக்குச் சுமார் 1,55,000 பேர் பதிவு செய்தார்கள். தேறியவர்கள் 7,000 சொச்சம். (அந்த 7,000 பேருக்கும் ஓர் ஆசிரியர் நேரில் பாடம் எடுக்க எத்தனை வருடம் ஆகும் என்று யோசித்தால் இது தோல்வியாகவும் தெரியாது.) சும்மா எட்டிப் பார்க்கவே பதிவு செய்கிறவர்களும் ஏராளம்.

பணம் கட்டினால்? எம்ஐடியும் ஹார்வர்டும் எடெக்ஸ் என்ற இணையப் படிப்புத் தளத்தில் நடத்திய படிப்புகளைப் பற்றி 2019-இல் ஓர் ஆய்வு வந்தது. 2017-18-இல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் 3 சதவீதம்தான். சான்றிதழுக்காகப் பணம் கட்டியவர்களில் 46 சதவீதம். உடனே கார்டை எடுத்துவிடாதீர்கள். முடித்தே தீருவேன் என்று இருப்பவர்தான் பெரும்பாலும் பணமும் கட்டுகிறார். கட்டியவர்களிலும் பாதிக்கு மேல் முடிக்கவில்லை, பாருங்கள்.

உண்மையான சிக்கல் வேறு. இந்தப் படிப்புகள் நல்ல ஆசிரியரைத் தருகின்றன, ஆனால் நீங்கள் வரவில்லை என்றால் கேட்க ஆள் இல்லை. வீடியோ பார்க்கும்போது எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும். பயிற்சிக் கணக்கில் கை வைத்தால்தான் குட்டு வெளிப்படும். பலர் நழுவுவது அங்கேதான்.

அதனால் நான்கில் மூன்றை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். மிச்சமுள்ள ஒன்றில் மூன்றாம் வாரப் பயிற்சியைத் திறக்க முடிந்தால் முதலில் அதைப் பாருங்கள். கேள்வியே புரியவில்லை என்றால், முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டிய பாடம் ஏதோ விடுபட்டிருக்கிறது. அதை முடித்துவிட்டு வாருங்கள். அப்புறம், கூடப் படிக்க ஒருவரைப் பிடியுங்கள். வாரம் ஒருமுறை "கணக்கு போட்டாயா?" என்று அவர் கேட்டாலே போதும், எந்த நினைவூட்டல் மின்னஞ்சலும் அந்த வேலையைச் செய்யாது.

சான்றிதழைப் பொறுத்தவரை, மேற்பார்வையோடு தேர்வு நடந்து, ஒரு கல்லூரி அதைப் பட்டத்துக்கான கிரெடிட்டாக (பட்டம் பெறச் சேர்க்க வேண்டிய பாடப் புள்ளியாக) ஏற்றால் அதன் கதை வேறு. மற்றபடி, ஆர்வம் இருக்கிறது என்பதற்கு அது ஓர் அடையாளம், அவ்வளவுதான். கற்றதை வைத்து நீங்களே செய்த ஒரு சிறு புராஜெக்டைக் காட்டினால் நேர்முகத்தில் பேச விஷயம் இருக்கும்.

ஒரு காரணத்துக்காகப் பணம் கட்டலாம்: இலவசமாகச் சேர்ந்தால் மதிப்பெண்ணுக்கான பயிற்சிகளைப் பல படிப்புகள் பூட்டி வைக்கின்றன. கட்டணம் அதிகம் என்று தோன்றினால், கோர்செரா போன்ற தளங்களில் பல படிப்புகளுக்கு நிதியுதவி கேட்டு விண்ணப்பிக்கலாம். பயிற்சிகள் பூட்டப்படவில்லை என்றால் முதல் இரண்டு வாரம் இலவசமாகவே ஓட்டுங்கள், அதற்குப் பிறகும் நிற்காமல் போனால் கட்டுங்கள். கட்டணத்துக்கு மாற கடைசித் தேதி இருக்கக்கூடும். அதை மட்டும் முதல் நாளே குறித்து வையுங்கள்.