ஐப்பசி மழையில் குஞ்சுகளை வெளிக்கொட்டகைக்கு மாற்றலாமா?

கேள்வி: திண்ணையில் அட்டை புரூடர் (பல்பு சூட்டில் குஞ்சு வளர்க்கும் அடைப்பு) வைத்து 40 சிறுவிடை நாட்டுக்கோழிக் குஞ்சுகள் வளர்க்கிறேன். இன்றோடு 28 நாள். பகலில் பல்பு போடுவதில்லை, இரவில் மட்டும் எரிகிறது. இடம் போதவில்லை. தோட்டத்துக் கொட்டகையில் 6 பெட்டைகளும் ஒரு சேவலும் இருக்கின்றன. குஞ்சுகளையும் அங்கே விட்டுவிடலாமா?

பதில்: இன்றைக்கு வேண்டாம். சித்திரை, வைகாசி என்றால் மூன்று வாரத்திலேயே பல்பை நிறுத்தச் சொல்லியிருப்பேன். மழைக்காலத்தில் ஐந்து, ஆறு வாரம் ஆகட்டும்.

நாட்களை மட்டும் எண்ணிக்கொண்டிருக்காமல், ஒரு குஞ்சைக் கையில் எடுத்து முதுகையும் கழுத்தடியையும் விரலால் நீவிப் பாருங்கள். இறக்கையிலும் வாலிலும் சிறகு முதலில் வந்துவிடும். அதைப் பார்த்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். முதுகில் இன்னும் பஞ்சு மயிர் இருந்தால் ஒரு சாரலுக்கே நனைந்து விறைத்துவிடும்.

இடையில் இட நெருக்கடியைத் தீர்க்க அட்டையை விரித்து, ஒரு குஞ்சுக்கு அரை சதுர அடியாவது கிடைக்கும்படி செய்யுங்கள். சிறகு மூடியதும் புரூடரில் வைத்தே பல்பை நிறுத்திப் பழக்குங்கள். முதலில் நள்ளிரவு வரை எரியட்டும், பிறகு இரண்டு மணி நேரம் மட்டும், பிறகு அறவே வேண்டாம். விடியற்காலை நான்கு மணிக்கு டார்ச்சோடு போய்ப் பாருங்கள். பரவலாகப் படுத்திருந்தால் தேறிவிட்டன. ஒன்றின்மேல் ஒன்று ஏறி மூலையில் குவிந்திருந்தால் பல்பைத் திரும்பப் போடுங்கள். ஆரம்ப காலத்தில் இந்தச் சோதனையைச் செய்யாமல் ஒரு தொகுதியைக் கொட்டகைக்கு மாற்றினேன். காலையில் மூலையில் ஏழு குஞ்சுகள் தட்டையாகக் கிடந்தன. மேலே ஏறிய கூட்டம் அமுக்கி, மூச்சு முட்டிச் செத்தவை அவை. அன்றிலிருந்து கொட்டகையின் நான்கு மூலையிலும் அட்டையை வளைத்து வட்டமாக்காமல் குஞ்சு விடுவதில்லை.

பெரிய கோழிகளோடு நேராகக் கலக்காதீர்கள். கொத்துவது ஒரு பக்கம். பெரிய கோழியின் எச்சத்தில் இருக்கும் ரத்தக் கழிச்சல் கிருமி அதற்கு ஒன்றும் செய்யாது, குஞ்சைக் கொன்றுவிடும். ஈரக் கூளத்தில் (தரையில் பரப்பிய உமியில்) அது இன்னும் வேகமாகப் பெருகும். கொட்டகையின் ஒரு பகுதியை வலை போட்டுத் தடுத்து, பழைய கூளத்தை அள்ளி, தரை காய்ந்த பிறகு இரண்டு, மூன்று அங்குலம் புது உமி பரப்புங்கள். இரண்டு வாரம் வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பார்த்துப் பழகட்டும். பெட்டைகளுக்கு முட்டைக்கோழித் தீவனம் போடுகிறீர்கள் என்றால் குஞ்சுகளுக்கு எட்டாமல் வையுங்கள். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து குஞ்சின் சிறுநீரகத்துக்கு ஆகாது.

வலையில் கஞ்சத்தனம் வேண்டாம். அறுகோணக் கண் வைத்த சாதாரண கோழி வலை கோழியை உள்ளே நிறுத்துமே தவிர பெருச்சாளியை வெளியே நிறுத்தாது. தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்கு அரை அங்குலக் கண்ணுள்ள கம்பி வலை அடித்து, அடிப்பகுதியை மண்ணில் புதையுங்கள். மழை அடிக்கும் பக்கம் படுதா தொங்கட்டும், மேலே ஒரு அடி காற்றுக்கு விட்டு. முழுக்க மூடினால் அம்மோனியா நெடி கண்ணைக் கரிக்கும், சளி பிடிக்கும்.

மழை ஓய்ந்த ஒரு நாள் காலையில் மாற்றுங்கள். இருட்டுவதற்குள் இடம் பழகிவிடும். பழைய தீவனத் தட்டு, தண்ணீர்க் குப்பி இரண்டையும் கூடவே எடுத்துப் போங்கள். நான்கைந்து நாள் உள்ளேயே அடைத்து வைத்து, பிறகு மாலையில் பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போது திறந்து விடுங்கள். இருட்டத் தொடங்கியதும் தானாகக் கூடு திரும்பும். முதல் நாளே காலையில் திறந்து விட்டால் வேலியோரம், புதர் என்று தேடித் திரிய வேண்டியதுதான்.

தடுப்பூசி போட்ட நாளிலும் அதையொட்டிய இரண்டு, மூன்று நாளிலும் இடம் மாற்றாதீர்கள். ஆறாவது வாரம் கோழி அம்மைத் தடுப்பூசி வரும். அம்மையைக் கொசுவும் பரப்பும் என்பதால் இந்த மழையில் அதைத் தள்ளிப்போட வேண்டாம். கால்நடை மருந்தகத்தில் நாள் கேட்டுக்கொண்டு, அதற்கு ஒரு வாரம் முன்னோ பின்னோ குஞ்சுகளை மாற்றுங்கள்.