கிணற்றடியில் ஆசிரியர்கள்: கேள்வி பதில்

திருகோணமலை விஞ்ஞான ஆசிரியர்களை விடுமுறையில் நீர்ப் பொறியியல் ஆய்வில் சேர்த்துக்கொள்வது பற்றிக் கேள்வி கேட்கச் சொல்லியிருந்தேன். வந்தவற்றுக்குப் பதில் கீழே. நான் தண்ணீரின் தரம் பார்க்கிறவன். மற்றதற்கெல்லாம் ஆள் வேறு.

மூதூர், இரசாயனவியல் ரீச்சர்: வந்து என்ன செய்வோம்? ஆய்வுகூடத்தைச் சுற்றிப் பார்த்து, தேத்தண்ணி குடித்துவிட்டு வருவதா?

அப்படியான பயிற்சிகளுக்கு நானும் போயிருக்கிறேன், ரீச்சர். இது வேறு. அமெரிக்காவில் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் பணத்தில், பாடசாலை ஆசிரியர்கள் கோடை விடுமுறையில் ஆறு வாரமளவு பல்கலைக்கழக ஆய்வுக் குழுக்களோடு வேலை செய்கிறார்கள். பிறகு அதை வகுப்புக்கு ஏற்ற பாடமாக்கிக் கொண்டுபோகிறார்கள். நமக்கு ஆறு வாரம் யார் தரப்போகிறார்கள்? ஆனாலும் அதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்: விடை தெரியாத கேள்வியை ஆசிரியரின் கையில் கொடுப்பது.

வகுப்பில் நியமிப்புச் செய்யும்போது, அதாவது ஒரு கரைசலைத் துளித்துளியாக விட்டு இன்னொன்றின் செறிவை அளக்கும்போது, துளி விடும் குழாயான அளவியில் அளவு எங்கே நிற்கும் என்பது உங்களுக்கு முன்பே தெரியும். வராவிட்டால் பிள்ளையின் பிழை. கிணற்று நீரில் குளோரைட்டு பார்க்கும்போது அந்த வசதி கிடையாது. வெள்ளி நைத்திரேற்றைத் துளித்துளியாக விடுகிறீர்கள், குடுவை பாலாகக் கலங்குகிறது, நிறங்காட்டியின் மஞ்சள் மெல்லச் செங்கபிலமாகிறது. கலக்கினால் மறைகிறது. எந்தத் துளியில் மறையாமல் நின்றது? ஒரே வாளித் தண்ணீர், மூன்று போத்தல், மூன்று அளவு. எது சரி என்று சொல்ல ஆளில்லை. வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று நீங்களே தேட வேண்டும். அந்தத் தேடலுக்குத்தான் கூப்பிடுகிறேன்.

கிண்ணியா: என்ன மீற்றர் வாங்கலாம், சேர்?

தண்ணீரில் உப்பு கூடக் கூட மின்கடத்துதிறன் ஏறும்; அதை அளக்கப் பேனை மாதிரியான சாதாரண மீற்றர் போதும். காசு மிஞ்சினால் நியமக் கரைசல், அதாவது அளவு முன்பே தெரிந்த கரைசல், வாங்குங்கள். ஒவ்வொரு நாளும் முதலில் 1413 மைக்ரோ சீமன்ஸ் கரைசலில் வைத்துப் பார்த்து, காட்டியதை எழுதிவிட்டுத்தான் கிணற்றடிக்குப் போக வேண்டும். பாவித்த கரைசலைத் திரும்பப் போத்தலுக்குள் ஊற்றாதீர்கள்.

கன்னியா வெந்நீர்க் கிணறுகளை மாணவர் செயற்றிட்டமாக எடுக்கலாமா?

தொல்லியல் திணைக்களத்தின் இடம், அனுமதி எடுங்கள். வெப்பநிலையையும் மறக்காமல் எழுதுங்கள். சூட்டைத் திருத்தாத மீற்றர் பாகைக்கு ஏறத்தாழ 2 சதவீதம் கூட்டிக் காட்டும். 25 பாகைக்குரிய அளவோடு 40 பாகைத் தண்ணீரை ஒப்பிட்டால் 30 சதவீதம் பொய்.

கந்தளாய் அணை 1986 இல் உடைந்தது பற்றியும் பாடம் உண்டா?

என் துறையல்ல. நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஒருவரைப் பிடியுங்கள்.

நிலாவெளி, புவியியல் ஆசிரியர்: எங்கள் கரையோரக் கிணறுகள் உவரானது சுனாமியால்தானே? அதில் ஆராய என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. 2004 இல் கடல் கிணறுகளுக்குள் உப்பைக் கொட்டியது உண்மைதான். ஆனால் மணல் நிலம் அது. மாரி மழை இறங்க இறங்க உப்பைக் கழுவிவிடும். இருபது வருடம் கழித்தும் உவரென்றால் வேறு காரணம் தேட வேண்டும். நன்னீர் பாரம் குறைந்தது, உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே 1 மீற்றர் நன்னீர் நின்றால், கணக்குப்படி கீழே 40 மீற்றர் இருக்கும். மோட்டரால் இறைத்து மேலே 10 சென்ரிமீற்றர் குறைத்தால், அடியில் உப்புநீர் 4 மீற்றர் ஏறப் பார்க்கும்.

மீண்டும் அவரே: சுனாமிக்கு முதல் அம்மா அந்தத் தண்ணியில்தான் சமைத்தவ. மோட்டர் கதையை ஹோட்டல்காரருக்குச் சொல்லுங்கோ, ஐயா.

வீட்டுக்காரருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். சுனாமிக்குப் பிறகு துப்புரவு செய்கிறோம் என்று அளவுக்கு மீறி இறைத்ததில், அடியிலிருந்து உப்பு ஏறிய கிணறுகள் கிழக்குக் கரையில் இருந்தன.

சாம்பல்தீவு: இரண்டு பேரும் மலசலகூடக் குழியை மறந்துவிட்டீர்கள்.

மறக்கவில்லை. குழியாலும் கடத்துதிறன் ஏறும், ஆனால் கடல்நீர் மாதிரி ஏற்றாது. சரி, மூவரும் வாய்ச்சண்டையை விடுவோம். கடற்கரையிலிருந்து உள்ளே போகும் வரிசையில் ஐந்தாறு கிணறு எடுங்கள். விடிய, மோட்டர் போட முதல் ஒரு அளவு; ஒரு மணித்தியாலம் இறைத்தபின் இன்னொன்று. பாரம் கட்டிய போத்தலைக் கயிற்றில் இறக்கி அடித்தண்ணீரும் எடுங்கள். இதையே மாசியிலும் ஆவணியிலும் செய்யுங்கள். இறைக்க இறைக்க ஏறினால் என் பக்கம் பலம். ஏறாவிட்டால் அம்மாவின் பக்கம் யோசிப்போம். நியமக் கரைசலில் பார்த்த மீற்றரோடுதான் வர வேண்டும், அதைச் சொல்லிவிட்டேன்.

தம்பலகாமம், கணித ஆசிரியர்: எங்களுக்கு வேலை இல்லையா?

வாய்க்கால் இருக்கிறதே. நேரான 20 மீற்றர் துண்டில் ஒரு தோடம்பழத்தை விட்டு நேரம் பாருங்கள். அது பெரும்பாலும் அமிழ்ந்து மிதப்பதால் காற்று அவ்வளவாகத் தள்ளாது. வந்த வேகத்தை 0.85 ஆல் பெருக்கி, குறுக்குவெட்டுப் பரப்பாலும் பெருக்கினால் பாய்ச்சல் வந்துவிடும். துருசு (மதகு) திறக்கும் நேரம் பிள்ளைகளை இறக்காதீர்கள்.

சான்றிதழ் கிடைக்குமா? பதவி உயர்வுக்கு உதவுமா?

வலயக் கல்வி அலுவலகத்தில் கேளுங்கள்.

என்ன மீற்றர் நல்லது, சேர்?

கிண்ணியாக்காரருக்கு மேலே எழுதியிருக்கிறேன்.

போன் செயலியால் தண்ணீரின் தரம் பார்க்கலாமா?

நிறம் ஒப்பிட ஓரளவு உதவும். கிருமி பார்க்க முடியாது.

பிராண்ட் சொன்னால் நல்லது…

சொல்லமாட்டேன். நியமக் கரைசல் வாங்கினீர்களா?

குச்சவெளி: வெங்காயத் தோட்டக் கிணற்றில் நைத்திரேற்று 12 என்று வந்தது. ஆய்வுகூடம் பயமில்லை என்கிறது, இணையத்தில் எல்லை 10, 11 என்கிறார்கள்.

நல்ல கேள்வி, தங்கச்சி. அறிக்கையில் நைத்திரேற்றாக எழுதியிருக்கிறதா, நைதரசனாகவா என்று பாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. அதையே, அதிலுள்ள நைதரசனை மட்டும் கணக்கிட்டுச் சொன்னால் ஏறத்தாழ 11. முதலாவது என்றால் உங்கள் 12 சாதாரணம். இரண்டாவது என்றால் 53, எல்லை தாண்டிவிட்டது. கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்க அந்தத் தண்ணீர் வேண்டாம். கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று போகாது. அறிக்கையைப் படமெடுத்து அனுப்புங்கள், அலகைப் பார்த்துச் சொல்கிறேன்.