யூதர்கள் ஏன் இயேசுவை மேசியாவாக ஏற்கவில்லை?

"பழைய ஏற்பாடு யூதர், கிறிஸ்தவர் இருவருக்கும் பொதுதானே, பிறகு ஏன் பிளவு?" என்று கேட்டிருக்கிறீர்கள். மேசியா, அதாவது கடவுள் வாக்களித்த மீட்பர், என்ன செய்ய வேண்டும் என்பதில்தான் பிளவே.

யூதர்களுக்கு அவர் தாவீதின் வம்சத்தில் வரும் மனித அரசர், கடவுள் அல்ல. 12ஆம் நூற்றாண்டில் யூதச் சட்ட அறிஞர் மைமோனிடிஸ் இதைச் சட்டமாகவே எழுதிவைத்தார்: தோராவை (மோசேயின் சட்டத்தை) நிலைநாட்ட வேண்டும், எருசலேம் ஆலயத்தை அதே இடத்தில் கட்ட வேண்டும், சிதறிய இஸ்ரவேலரைத் திரட்ட வேண்டும். அற்புதம் செய்துகாட்டத் தேவையில்லை. முடிக்காமல் கொல்லப்பட்டால் அவர் மேசியா அல்ல. இது இயேசுவுக்கென்று தனியாக வைத்த அளவுகோலும் அல்ல. கி.பி. 132இல் ரோமுக்கு எதிராகக் கிளர்ந்த பார் கோக்பாவை அக்காலத்தின் பெரிய யூத குருவான ரபி அகிவாவே மேசியா என்றார். 135இல் பார் கோக்பா மாண்டதோடு அந்த நம்பிக்கையும் போயிற்று.

கிறிஸ்தவத்திலோ மரணம்தான் மையம்: பாவநிவாரண பலி, மூன்றாம் நாள் உயிர்த்தெழுதல். மீதி வாக்குறுதிகள் இரண்டாம் வருகையில்.

வாதம் வழக்கமாக முட்டிக்கொள்வது பழைய ஏற்பாட்டின் ஏசாயா நூலில், 53ஆம் அதிகாரத்தில். அங்கே வரும் பாடுபடும் தாசன் (துன்பப்படும் ஊழியன்) இயேசுவே என்பது கிறிஸ்தவ வாசிப்பு. இடைக்கால யூத உரையாசிரியர் ராஷி அந்தத் தாசனை இஸ்ரவேல் மக்கள் என்றார். 41:8இல் "என் தாசனாகிய இஸ்ரவேலே" என்று நேராகவே வருகிறது. அதனால் 53ஐ மட்டும் பிய்த்தெடுக்காமல் 41இலிருந்து வாசியுங்கள். ஆனால் யூத ரபிகளின் விவாதத் தொகுப்பான தால்மூதிலேயே 53:4ஐ மேசியாவுக்குப் பொருத்தும் இடமும் உண்டு. அதை யூதத் தரப்பில் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.